முதியோர் காத்திருக்கக் கூடாது

"நாப்பத்தேழா? ஐயோ, எட்டரைக்கு முப்பது பேர்தானே இருந்தாங்க!"

நர்ஸ் அனுசுயா மறுபடியும் தலைகளை எண்ணினாள். நாற்பத்தேழேதான். பதினொரு மணிக்கு மாவட்ட அலுவலர் நாகவல்லி வந்து நிற்பார். அறுபது தாண்டிய யாரையும் அரை மணி நேரத்துக்கு மேல் காக்க வைக்கக் கூடாது என்பது புது உத்தரவு. அந்த அம்மாள் எழுதப்போகும் அறிக்கையைப் பார்த்துத்தான் அனுசுயாவின் ஒப்பந்த வேலையை நீட்டிப்பார்கள்.

பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள் வந்து பத்தே நாள். வந்தவள் சும்மா இருந்தாளா? வயசானவர்கள் கால்கடுக்க நிற்கிறார்களே என்று மனசு கேட்காமல் வரிசையையே ஒழித்துக்கட்டினாள். பந்தல்காரரிடம் கெஞ்சி, சாய்ந்து உட்கார ஐம்பது நாற்காலி வரவழைத்தாள். வாசலில் பெயர் எழுதிக்கொள்வாள். டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உட்கார்ந்திருக்கும் முகங்களில் யார் முதலில் வந்தது, யார் கடைசியில் வந்தது என்பது இப்போது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

டாக்டர் அறைக்குள் தலையை நீட்டினாள். "மேடம், கொஞ்சம் சீக்கிரமா பாருங்களேன்."

"இதுக்கு மேல சீக்கிரம்னா, மூஞ்சியைப் பாக்காமலே மாத்திரை எழுதணும் அனுசுயா," என்றார் டாக்டர் வசந்தகுமாரி.

சரி, புழுக்கத்தில் வாடாமலாவது இருக்கட்டும் என்று பெரிய மின்விசிறியை இழுத்துவந்து போட்டாள். பத்து நிமிஷத்தில் ஐம்பத்திரண்டு பேர். யாராவது மயங்கி விழுந்து வைப்பார்களோ என்று பயந்து, எதிர்க்கடையிலிருந்து ஒரு குடம் நீர்மோர் வாங்கி வைத்தாள். அறுபது! நாற்காலி தீர்ந்துபோய், ஒருவர் எடை மெஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அனுசுயா நடுவில் போய் நின்று கை தட்டினாள்.

"யாருக்காச்சும் அவசரம்னா முன்னாடி வாங்க, உடனே அனுப்பிடறேன்!"

ஒருவரும் அசையவில்லை.

"எங்களுக்கு இன்னாம்மா அவசரம்? நீ மெதுவா பண்ணு," என்றார் அய்யாசாமி, இரண்டாவது டம்ளர் மோரை உறிஞ்சியபடி. ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

இந்தப் பெருந்தன்மைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை! அனுசுயா அவர் காதருகே குனிந்தாள்.

"ஐயா, மேடம் வந்து கேட்டா இப்பதான் வந்தோம்னு சொல்லுங்க. இல்லேன்னா என் வேலை போயிரும்."

"பொய்யா? முப்பது வருசம் ஒரு பொய் சொல்லாம வேல பாத்தவன் கண்ணு நானு. நீ கவலப்படாத, உள்ளத உள்ளபடி சொல்றேன்."

செத்தோம் என்று நினைப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. நாகவல்லி, அறுபது பேர் இருக்க, நேராக அய்யாசாமியிடம்தான் போனார்.

"எத்தனை மணிக்கு வந்தீங்க ஐயா?"

"ஏழரைக்கே வந்துட்டேம்மா."

நாகவல்லி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து. பேனாவைத் திறந்தார்.

"நீங்கம்மா?"

"நானு ஏழேகாலுக்கே வந்து எடம் புட்ச்சிட்டேன்," என்றாள் பக்கத்து நாற்காலிப் பொன்னியம்மா, பெருமையாக.

"நாலு மணி நேரமா!" அலுவலர் திரும்பி அனுசுயாவை முறைத்தார். வேலை போயிற்று, சந்தேகமே இல்லை. "இவ்ளோ நேரமா உங்களை எதுக்கு உக்கார வெச்சிருக்காங்க?"

பொன்னியம்மா அலுவலரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு உக்கார வெச்சது? மாத்திரயெல்லாம் எட்டரைக்கே குட்துட்டாங்கம்மா. ஊட்ல பேசறதுக்கு ஒரு ஆளு கெடையாது, அதான் நாங்களா குந்திகினு கீறோம்!"