ஜாக்கி தெரியாதவருக்கு ஜீப் இல்லை

என் ஜீப்பை மச்சானுக்குக் கொடுப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வெளியே சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் முடிவுகளை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது வழக்கம். அன்றைக்கு வாயில் நுரையும் இருந்தது.

விஷயம் இதுதான். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பைக் கும்மிடிப்பூண்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி மெருகேற்றி வைத்திருந்தேன். சேற்றில் சிக்கினால் தூக்க, என் மார்பளவு உயரத்தில் ஓர் இரும்பு ஜாக்கியும் வாங்கினேன். என் மனைவி சந்திரகலா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கார் லைசென்ஸ் வைத்திருக்கிறாள். ஷிப்டுக்கு ஜீப்பை எடுத்துப் போகட்டுமா என்று கேட்பாள். ஜாக்கி போடத் தெரியாதவர்களுக்கு ஜீப் கிடையாது என்பேன். பிறகு ஜாக்கியின் அபாயங்களைப் பற்றி சாம்பார் ஆறும்வரை பேசுவேன். நான் ஒருநாளும் ஜாக்கி போட்டதில்லை, வீடியோ பார்த்ததோடு சரி. அதைச் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

போன வாரம் அவள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். பொன்னேரிப் பக்கம் நெல் போடும் அவள் தம்பி ஆதிகேசவனுக்கு உர மூட்டை ஏற்ற வண்டி வேண்டுமாம். ஜீப்பை ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடலாமாம். எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லாதவன் திட்டம்தானே போடுவான்? மச்சான் கண்ணெதிரிலேயே ஜீப்பைச் சேற்றில் இறக்கி, இது உதவாத வண்டி என்று நம்பவைப்பது என் திட்டம். ஜாக்கிக்கு அடியில் வைக்கும் கனத்த பலகையை எடுத்து பாத்ரூமுக்குப் பின்னால் ஒளித்தேன். ஈர மண்ணில் பலகை இல்லாவிட்டால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. கலாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனேன். வயல் பாதையில் மச்சான் நின்று கையசைத்தான். நல்ல மண்ணை விட்டுவிட்டு இடப்பக்கம் ஒடித்தேன். பின்சக்கரம் தொப்பென்று இறங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்து இன்னும் கொஞ்சம் புதைத்தேன். மச்சான் முகம், சட்டையெல்லாம் சேறு. இறங்கி நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

“பேஜாரு புடிச்ச வண்டி மச்சான். உனக்கு வேணாம். சத்தியமா சொல்றேன், இனிமே நானே இத்த தொட மாட்டேன்.”

அவன் டிராக்டர் கொண்டுவரக் கிளம்பினான். கலா தடுத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பலகையை உருவினாள். என் பலகை.

“பாத்ரூம் பின்னால ஊறிக்கினு கெடந்துச்சு. எடுத்தாந்தேன்,” என்றாள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தாள். பலகையைப் போட்டு, ஜாக்கியை அதன்மேல் நேராக நிறுத்தி, பம்பரில் மாட்டினாள். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நானும் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“ஏங்க, மூஞ்சிய நவுத்துங்க. கைப்பிடி எகிறுனா தாடைய பேத்துரும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“வண்டிக்குக் கீழ போவாதீங்க. ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்லேன்னு யாரு சொன்னது?”

“நான்தான்.”

“அப்ப இன்னாத்துக்கு இங்க நிக்கிறீங்க? வரப்பு மேல போய் நில்லுங்க.”

நின்றேன். ‘டக் டக்’கென்று சக்கரம் மேலே வந்தது. தம்பியைக் குழிக்குள் கைவிட விடாமல், மண்வெட்டியால் கல்லும் வைக்கோலும் தள்ளச் சொன்னாள். இறக்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இறக்கினாள். ஜாக்கியைக் கழற்றி, கல்லை எடுத்து, அவளே ஏறி ஓட்டினாள். ஜீப் சமர்த்தாக வெளியே வந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உடனே பயமும் வந்தது. இப்படிப்பட்ட வண்டியை மச்சான் விடுவானா? உர மூட்டையெல்லாம் இது தாங்காது என்று அவனிடம் ஆரம்பித்தேன்.

“உர மூட்டையா? எனக்குதான் டிராக்டர் கீதே மாமா. நான் எப்போ ஜீப்பு கேட்டேன்?”

கலாவைப் பார்த்தேன். அவள் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவில்லை.

“அவன் கேக்கலீங்க. நான்தான் கேட்டுகினே இருந்தேன். ஜாக்கி போட தெரிஞ்சா தரேன்னீங்க, போட்டாச்சு. குடுக்கறேன்னு சொன்னா நீங்க எங்கனா சேத்துல எறக்குவீங்கன்னு தெரியும். ஆதி, மாமா இனிமே வண்டிய தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணாரே, கேட்டியா?”

“நல்லா கேட்டேங்கா,” என்றான் மச்சான், முகத்துச் சேற்றை வழித்தபடி.

திரும்பும்போது நான் பின்சீட்டில், ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை என் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன் கேட்டது. கலாவின் கம்பெனிப் பெண்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஜீப் எங்களை முந்திப் போயிற்று. பக்கத்து சீட்டில் இருந்த பாக்கியநாதன் வேலைக்குப் புதிது. எட்டிப் பார்த்து, ஜீப்பு ஷோக்கா கீதே, யாருது சார் என்று கேட்டார்.

“எங்க ஊட்டம்மாவுது,” என்றேன்.