முனகாத கதவு

பேய் வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். கதவு முனகியபோதுதான் பயந்தார்கள்.

பேய் வீட்டுப் படத்தை முதன்முதலாக இருபது பேருக்குப் போட்டுக் காட்டி, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, பலம் என்ன, பலவீனம் என்ன என்று எழுதச் சொல்லியிருந்தார் இயக்குநர். பலவீனத்துக்கு இடம் போதாமல் பலர் தாளின் பின்பக்கத்துக்குப் போயிருந்தார்கள். பேய்க்குத் தொப்பை இருக்கிறது. கதாநாயகி பேயைவிட அதிகமாகப் பவுடர் பூசியிருக்கிறாள். பாழடைந்த வீட்டில் சுவிட்சுகள் புத்தம் புதிதாக மின்னுகின்றன. பலம் என்ற இடத்தில் மட்டும் இருபது பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றையே எழுதியிருந்தார்கள்: மாடி அறைக் கதவின் முனகல்.

இயக்குநர் ஒலிப்பதிவாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, என் மானமே உங்க கையிலதான் இருக்கு. அந்தக் கதவு படத்துல ஒரே ஒரு தடவதான் முனகுது. இன்னும் ஆறு இடத்துல முனகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க. அடுத்த படமும் உங்களுக்குத்தான்.”

“அதுக்கென்ன தம்பி, எங்க வீட்டுக் கதவுதானே!”

வாய் சொல்லிவிட்டது. இருபது வருடங்களாக மழையையும் காலடியையும் பதிவு செய்தவரை ஒருவரும் பாராட்டியதில்லை. முதன்முதலாகக் கிடைத்த பெயர் இது, அதுவும் அவருக்கே பிடிபடாத ஒரு சத்தத்தால்.

விஷயம் இதுதான். படத்துக்குக் கதவுச் சத்தம் எடுக்க உட்கார்ந்த அன்று மதியம் வீட்டுப் பின்னறைக் கதவருகே மைக்கை வைத்துவிட்டு, தெருச் சத்தம் அடங்கட்டும் என்று சுவரில் சாய்ந்தார். திரைச்சீலை மெல்ல எழுந்து விழுந்தது. வாளித் தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் அலையலையாக ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே அவரும் மிதந்து எங்கோ போய்விட்டார். கண் விழித்தபோது தலைக்கடியில் ஒரு தலையணை இருந்தது, கருவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போட்டுக் கேட்டால், காக்கைக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே அந்த முனகல்! மேலே ஏறி, தயங்கி, நீளமாக இறங்கி, ஆளையே கரைத்துவிட்டு ஓய்ந்தது. காற்றில் கதவு தானாக ஆடியிருக்கிறது என்று முடிவு கட்டினார். தூங்கியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அதே கதவை நாற்பது தடவை திறந்து மூடினார். எலி தும்மியதுபோல ‘கிச்’ என்றது. அவ்வளவுதான்.

ஈரம் பட்டால் முனகும் என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். மரம் ஊதிக் கதவு அடைத்துக்கொண்டது. உள்ளே மைக்கும் மாட்டிக்கொண்டது.

தச்சர் வந்து கதவைக் கழற்றி, இழைத்து, மாட்டினார். சுண்டு விரலால் தொட்டாலே வெண்ணெயாய் நகர்ந்தது.

“ஐயா, கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி பண்ணிக் குடுங்களேன்.”

தச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நான் மாட்டின கதவு சத்தம் போட்டா, நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? போய் ரெஸ்ட் எடுங்க சார்.”

ரெஸ்டாவது ஒன்றாவது! பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த கீல்களைத் தேடி வாங்கி அவரே மாட்டினார். கதவு பெயர்ந்து அவர் கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. அன்று முனகியது அவர் மட்டுமே.

இத்தனைக்கும் நடுவில் மனைவி முகம்தான் நாளுக்கு நாள் மலர்ந்தது. மைக்கைப் பிடித்தாள், விரலுக்குக் கட்டுப் போட்டாள், கேட்காமலே டீ கொண்டுவந்தாள்.

“நீங்க இப்படி ஓடியாடி வேலை பாக்கறதப் பாக்க எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?” என்றாள்.

கதவை மறுபடி மாட்டி, அன்றுபோலக் காற்றில் தானாக முனகட்டும் என்று மைக்கோடு காத்திருந்த கடைசி இரண்டு மதியங்களும் அவர் இமை கொட்டவில்லை. கூரையில் வெயில் அலையடித்தது. மனைவி ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள்ளேயே பாடியபடி நடமாடினாள். உலகமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவர் கண்டதேயில்லை. அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை இயக்குநர் நேரிலேயே வந்து நின்றார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். லீவுக்கு அன்று காலைதான் வந்திறங்கிய கொழுந்தியாள் சமையலறையில் இருந்தாள்.

“தம்பி, மன்னிச்சுடுங்க. கதவு செத்துப்போச்சு.”

இயக்குநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “போச்சு! தொப்பைப் பேயை வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்ணுவேன்? சரி, பழசையாவது ஒரு தடவ போடுங்க. என்ன பண்ணலாம்னு பாப்போம்.”

ஒலிப்பதிவாளர் ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்து, அன்று பதிவானதை அப்படியே ஓடவிட்டார். காக்கை கத்தியது. பிறகு அந்த முனகல் எழுந்து, தயங்கி, கூடம் முழுக்க இறங்கியது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கைமயிர் குத்திட்டு நின்றது.

“எந்தக் கதவுண்ணே இப்படி அழும்?”

கொழுந்தியாள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“கதவா? அத்தான், தினமும் போன்ல உங்களப் பத்திப் பேச ஆரம்பிக்கறப்போ அக்கா விடற பெருமூச்சு இது!”