நாற்பது நானோமீட்டர் தகராறு

"மறுபடியும் ஏறிடுச்சு!" என்று தாமசோ மேசையைக் குத்தப் போனார். மேசை அதிர்ந்தால் இன்னும் ஏறும் என்று நினைவு வரவே, தன் தொடையைக் குத்திக்கொண்டார்.

அவர் முன்னால் இரண்டு அறுகோணக் கண்ணாடிகள் ஒட்டினாற்போல் நின்றன. ஒன்றைவிட மற்றொன்று எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று விளிம்பிலிருந்த சென்சார், வெளி நடையிலிருந்த இணைப்புப் பெட்டி வழியாக, வைஃபையில் அவருடைய லேப்டாப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பது நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனை இரண்டாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. அதைப் பூஜ்யத்தில் நிறுத்தினால்தான், லா பால்மா தீவின் மலையில் கட்டப்படும் தொலைநோக்கியின் முப்பத்தாறு கண்ணாடிகளும் ஒரே கண்ணாடியாக வேலை செய்யும்.

மாலை நான்கு மணிக்குத் தேர்வுக் குழு வருகிறது. போட்டியில் இரண்டு சென்சார்கள். தோற்றவருக்குத் தலைநகர் மத்ரீத் அலுவலகத்தில் நாற்காலி தயார். கடல் தெரியாத ஊரை நினைத்தாலே தாமசோவுக்கு மூச்சு முட்டியது.

இன்னொரு சென்சார் அடுத்த அறையில், இதேபோல் இன்னொரு ஜோடிக் கண்ணாடியில் இருந்தது. அதைச் செய்தவள் குவாசிமாரா. இரண்டு வருடம் முன்புவரை அவருடைய மனைவி.

தாமசோ கண்ணாடிக்கு அடியிலிருந்த திருகை மயிரிழை அளவு இறக்கினார். எண் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினார். அசையவில்லை. கையை எடுத்த பிறகு, தானாகவே எண்பதுக்குத் தாவியது.

குவாசிமாரா அந்தப் பக்கமிருந்து தட்டியதில் சுவர் அதிர்ந்தது. "அங்க என்ன பண்றே? இங்க கன்னாபின்னான்னு இறங்குது!"

"என் வேலையப் பாக்கறேன். நீ உன் வேலையப் பாரு!"

காற்றுதான் காரணம் என்று முடிவு கட்டி, கட்டடத்தின் ஏசியை அணைத்தார். வெயிலில் கண்ணாடியின் இரும்புத் தாங்கி விரிந்தது. எண் இருநூறு ஆனது.

அதிர்வாக இருக்குமோ என்று காபி இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினார். உடனே பத்துப் பேர் அவரைத் தேடித் தடதடவென்று நடைக்கு வந்தார்கள். இருநூற்று அறுபது.

அவர்களைத் துரத்திவிட்டு, நடையில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒனேலியாவைப் பிடித்தார். "துடைக்காதீங்க! அசையாதீங்க!"

"மூச்சு விடலாமா?" என்றாள் ஒனேலியா.

"மெதுவா விடுங்க."

ஏசியை முழு வேகத்தில் போட்டார். முந்நூறு.

கதவு திறந்தது. குவாசிமாரா நின்றாள். நெற்றியில் வேர்வை, தோளில் குளிருக்குப் போர்த்திய துண்டு. சண்டைக்கு வந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எனக்கு மத்ரீத் வேணாம், தாமசோ."

"எனக்கு மட்டும் வேணுமா?"

"மணி மூணரை. நான் எவ்வளவு திருகினாலும் அது கேக்கல."

"என்னுதும் கேக்கல." அவர் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு பண்ணுவோமா? உன் கண்ணாடிய நான் பாக்கறேன், என் கண்ணாடிய நீ பாரு. வேற கை பட்டா சரியாகலாம்."

"சரி. ஆனா என் லேப்டாப்ப விட்டுட்டுப் போகமாட்டேன். நீ நோண்டுவே."

"என்னுதையும் நான் விடமாட்டேன்."

ஆளுக்கொரு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு அறை மாறினார்கள்.

தாமசோ அவளுடைய திருகைத் தொட்டார். எண் சொன்ன பேச்சுக் கேட்டது! முந்நூறு நூறானது, நூறு பத்தானது, பத்து பூஜ்யமானது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குவாசிமாராவின் விசில் கேட்டது. கல்யாணத்தன்று கேட்ட அதே விசில்.

நான்கு மணிக்குக் குழுத் தலைவர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுமே பூஜ்யமா! அப்போ ஆளுக்குப் பதினெட்டுக் கண்ணாடி எடுத்துக்குங்க. யாரும் எங்கயும் போக வேணாம். எப்படிச் சாதிச்சீங்க?"

"ஒருத்தர் கஷ்டத்துல இன்னொருத்தர் கை வெச்சோம்," என்றாள் குவாசிமாரா. "இத்தனை வருஷமா அதத்தான் செய்யாம இருந்தோம்."

தாமசோவுக்குக் காது சிவந்தது. அவள் பக்கம் குனிந்து, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றியா? உப்புல வேகவெச்ச உருளைக்கிழங்கும் மோஹோ சட்னியும் பண்றேன்," என்றார்.

"மோஹோல காரம் கம்மியா போட்டா வர்றேன்."

குழுவினர் கை தட்டினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒனேலியா உள்ளே தலையை நீட்டினாள்.

"கண்ணுங்களா, காலையில துடைக்கறப்போ நடைப் பெட்டியிலேருந்து உங்க ரெண்டு பேர் சென்சார் ஒயரும் கழண்டு விழுந்துச்சு, நான் மாட்டிட்டேன், இப்பத்தான் பாக்கறேன், தாமசோன்னு எழுதின ஒயரு குவாசிமாரா இடத்துலயும் குவாசிமாரா ஒயரு தாமசோ இடத்துலயும் இருக்கு, சரியா மாத்தி மாட்டிடட்டுமா?"