உடுப்பிட்டியில் ஒரு செத்தவீடு

யாழ்ப்பாணத்தில் "எங்கை போறீர்?" என்று கேட்டால் "சும்மா" என்று மட்டும் சொல்லக்கூடாது. பொய் சொன்னாலும் நம்புவார்கள், சும்மாவை நம்பமாட்டார்கள்.

கலியாணம் முடிந்து, எங்கள் வழக்கப்படி நான்தான் பெண்வீட்டுக்குப் போனேன். கிளிநொச்சியிலிருந்து கோண்டாவிலுக்கு ஒரு உடுப்புப் பெட்டியும் மோட்டார் சைக்கிளும் கொண்டுபோன மாப்பிள்ளை. வாய்க்கால் கரையில் காற்று வாங்கித் திரிந்த வண்டி, கோண்டாவிலில் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. முன்னால் மினிபஸ், பக்கத்தில் ஓட்டோ, நடுவில் வீதியை அடைத்துக் கதைத்தபடி போகும் ரியூசன் சைக்கிள்கள்.

ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்து, கடைசியில் ஒரு பாதையைப் பிடித்தேன். நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போய், வல்லை வெளிக்கு ஏறவேண்டும். ஒரு வீடு வாசல் கிடையாது, காற்று ஆளையே தூக்கும். அப்பால் உடுப்பிட்டியில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அந்த ஒரு மணித்தியாலம் இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

வீட்டில் காரணம் சொல்லவேண்டுமே. வாழைப்பழம் வாங்கப் போவதாகச் சொன்னேன். சில வாரங்களில் மாமி மெதுவாக ஆரம்பித்தார். "குறை நினையாதேங்கோ தம்பி, இனிப் பழம் வேண்டாம். ஆட்டுக்கும் அலுத்துப்போச்சு."

அடுத்த ஞாயிறு ஹெல்மெற்றோடு படலையைத் திறக்கும்போது மாமா கேட்டார், எங்கே என்று. வாய் தன்பாட்டில் சொன்னது: "உடுப்பிட்டியிலை ஒரு செத்தவீடு மாமா. என்னோடை வேலை செய்யிற பெடியன்ரை தகப்பன்."

(புத்திசாலித்தனமான பொய் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.)

மாமா உள்ளே போனார். வெள்ளை வேட்டி, சால்வை, தலையில் என் மனைவி சுதாவின் ரோஸ் நிற ஹெல்மெற்றோடு வெளியே வந்தார்.

"நானும் வாறன். புது மருமகனைத் தனிய விட்டால் சனம் என்ன சொல்லும்?"

செத்தவீட்டுக்கு வருகிறேன் என்பவரை யாரால் மறிக்க முடியும்? நீர்வேலி தாண்டும்போது தப்ப ஒரு வழி தோன்றியது. "பிந்திப்போச்சு மாமா. இப்ப எடுத்திருப்பினம்."

"எடுத்தால் என்ன? வீட்டை போய் முகத்தைக் காட்டுவம்."

உடுப்பிட்டியில் ஒழுங்கை ஒழுங்கையாக, செத்தவர் இருக்கிறாரா என்று தேடினேன். ஒரு மூலையில் பறைமேளம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குச் சந்தோசப்பட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். ஒன்றையும் பாராமல் மாமாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

கதிரையில் இருந்ததும் பக்கத்து ஐயா கேட்டார், "நீங்கள் எந்தப் பக்கம்?"

"மருமகன்ரை கூட்டாளியின்ரை தகப்பனல்லோ," என்றார் மாமா, துக்கத்தோடு.

ஐயா பெட்டியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். உள்ளே நீலச் சேலையில் ஒரு அம்மா படுத்திருந்தார்.

"இது எங்கடை ரீச்சர். அவ கலியாணமே கட்டேல்லையே!"

எனக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தால் ஏறிப் படுத்திருப்பேன். கலியாணம் கட்டி மூன்று மாதம் ஆகவில்லை, இனி இந்த வீட்டில் என் சொல்லை யார் நம்புவார்கள்? மாமா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு ஐயாவிடம் திரும்பி, "ஓம், அந்தப் பெடியனைத் தகப்பன் மாதிரி நிண்டு படிப்பிச்சவ எண்டு சொல்ல வந்தனான்," என்றார்.

திரும்பும்போது வல்லை வெளியில், "நிப்பாட்டும்," என்றார். நிறுத்தினேன்.

"உண்மையைச் சொல்லும். எங்கை போறனீர்?"

"இஞ்சைதான் மாமா. காத்துக்கு. சும்மா."

"வேறை ஒருத்தியும் இல்லையே?"

"ஐயோ, இல்லை மாமா!"

மாமா இறங்கி வெளியைச் சுற்றிப் பார்த்தார். காற்று சால்வையைப் பறித்துக்கொண்டிருந்தது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, பின்னால் ஏறி இருந்தார்.

"அப்ப கொஞ்சம் கெதியா விடும்."

வீட்டுக்கு வந்து, செத்தவீட்டுத் துடக்குக் கழிய இருவரும் கிணற்றடியில் முழுகினோம். தலை துவட்ட முன்னரே மாமா முழுக்கதையையும் மாமிக்குச் சொல்லி முடித்துவிட்டார்.

இன்றைக்கும் நான் ஹெல்மெற்றை எடுத்தால் சுதா எங்கே என்று கேட்பதில்லை. "இண்டைக்கு ஆர் செத்தது?" என்றுதான் கேட்கிறாள். நான் பதில் சொல்ல முன் உள்ளேயிருந்து மாமாவின் குரல் வரும்.

"தம்பி, நில்லும். வேட்டியை மாத்திப்போட்டு வாறன்."