சுவரில் இருந்த படங்களைத் துடைத்த பாவத்துக்கு

என் அண்ணன் பெற்ற செல்வத்துக்கு, உன் அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் மாமாவும், என் முழங்கால் வலியும் கடவுள் கிருபையால் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் மாவுக்கட்டுக் காலும் நலமா என்று அறிய ஆவல்.

நலம் விசாரித்தாகிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை நீ கட்டையை ஊன்றிக்கொண்டாவது பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடு. என்னால் ஆகாது தாயே.

"பதிலுக்கு டீச்சர் யாரும் கிடைக்கலை, அந்தச் சிறப்புக் குழந்தைங்க வகுப்புல ஆறு வருஷமா ஆயாவா இருக்கீங்க, அவ வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்கோங்க" என்று பெரிய டீச்சர் சொன்னபோது நான் தலையாட்டியிருக்கக் கூடாது. ஆறு வருஷமா நான் செஞ்சது கை கழுவி விடுறது, சோறு ஊட்டுறது, மூக்கு துடைக்கிறது. வண்டி கழுவுறவன் வண்டி ஓட்டப் போன கதையா ஆயிடுச்சு. நீ எழுதி வச்சுட்டுப் போன குறிப்பு நாலு பக்கம். முதல் வரியே "அதிகம் பேச வேண்டாம்". யாரை மனசுல வச்சு நீ எழுதினேன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாவது வரி "ஒரு நேரத்தில் ஒரு சொல் போதும்". எனக்குக் கடவுளைக் கூப்பிடவே நூறு சொல் வேணும். சரி, அண்ணன் பொண்ணாச்சேன்னு பொறுத்துக்கிட்டு, மிச்சத்தைப் படிக்காம மடிச்சு வச்சுட்டேன்.

திங்கட்கிழமை சீக்கிரமே போய் வகுப்பைக் கூட்டினேன். சுவத்துல வரிசையா ஒட்டி வச்சிருக்கியே படம், பை வைக்கிறது, பாட்டு, எழுத்து, கை கழுவுறது, சாப்பாடு, வீட்டுக்குப் போற வண்டின்னு, அது மேல அப்படி ஒரு தூசி. எல்லாத்தையும் பிச்சு, ஈரத்துணியால துடைச்சு, திரும்ப ஒட்டினேன். வரிசையை யார் பாத்தா? பளபளன்னு இருந்துச்சு, அது போதும்னு நினைச்சேன். பிள்ளைங்க ஆறு பேரும் வந்தாங்க, படத்தைப் பாத்தாங்க. முதல் படம் சாப்பாடு. ஒன்பதரைக்கு ஆறு டப்பாவும் திறந்தாச்சு. "இப்ப இல்லடா ராசா, மத்தியானம்"னு சொன்னா, நம்ம கடிகாரம், அதான் மணி பாத்து மணி பாத்துச் சொல்லுவானே அவன், படத்தைத் தட்டித் தட்டிக் காட்டி "சாப்பாடு" அப்படிங்கறான். அடுத்த படம் வண்டி. ஒரு நாளும் வரிசையில நிக்காத பிள்ளைங்க, பத்து மணிக்குப் பையை மாட்டிக்கிட்டு, கல்லுல செதுக்கின மாதிரி வாசல்ல நிக்குதுங்க. வண்டி எப்படி வரும்? வராத வண்டிக்குக் கடிகாரம் அழ, அவனைப் பாத்து மத்ததுங்க அழ, நான் ஒவ்வொருத்தருக்கும் வண்டி ஏன் வரலைங்கிறதை ஆதியில இருந்து விளக்க, அழுகை இன்னும் ஏறிடுச்சு. வாயே திறக்காத நம்ம பூனைக்குட்டி காதைப் பொத்திக்கிட்டு மேசைக்கடியில போனவதான், சாயங்காலம்தான் வந்தா.

பெரிய டீச்சர் வந்து பாத்தாங்க. "இது வகுப்பா, பஸ் ஸ்டாண்டா? வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா ஆறு பேரையும் பிரிச்சு வேற வேற வகுப்புல உக்கார வச்சிருவேன்" அப்படின்னுட்டாங்க. நாற்காலியை நகத்தி வச்சாலே நாள் பூரா அழுகிற பிள்ளைங்க. பூனைக்குட்டி உன் மேசைக்கடியை விட்டு வெளிய வரவே ரெண்டு வருஷம் ஆச்சே. புது வகுப்புன்னா அது என்ன ஆகும்?

அன்னைக்கு வீட்டுக்குப் போய் மிச்சக் குறிப்பையும் படிச்சு, மறுநாள் காலையில படத்தையெல்லாம் சரியா ஒட்டிட்டேன். செவ்வாய், புதன் ரெண்டு நாளும் தொண்டை கட்டுற வரைக்கும் நல்லது கெட்டது எடுத்துச் சொன்னேன். ஒரு பலனும் இல்ல. இன்னைக்கு நடந்ததுதான் தாங்க முடியல. பாட்டு நேரத்துல பூனைக்குட்டி மேசைக்கடியில இருந்து வந்து, உதட்டுல விரல் வச்ச படம் போட்ட சிவப்பு அட்டை ஒண்ணு வச்சிருக்கியே, அதை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. முப்பது வருஷமா உன் மாமா முயற்சி பண்ணிப் பாத்தும் ஆகாத காரியம். எனக்குக் கோவம் வந்துடுச்சு. வண்டி வர்ற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசல. அதுங்களுக்கும் ஒரு வருத்தமும் இல்ல. அதுங்க பாட்டுக்குப் படத்தைப் பாத்து எழுதிச்சு, கை கழுவிச்சு, சாப்பிட்டுச்சு, போயிடுச்சு. பெத்த பிள்ளை மாதிரி பாத்தவளுக்கு இதுதான் மரியாதை. எனக்கு இந்த வேலை வேண்டாம். நீ வந்துடு.

கடவுள் உன் எலும்பை எலும்போட சேத்து வைக்கட்டும். அண்ணனையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நொந்துபோன உன் அத்தை

பின்குறிப்பு: நேத்து தபால்ல போடலை. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பெரிய டீச்சர் வந்து ஒரு மணி நேரம் நின்னு பாத்துட்டு, "எப்படிங்க அடக்கினீங்க?"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. பூனைக்குட்டி கையில சிவப்பு அட்டை இன்னும் எனக்கு நேராதான் இருந்துச்சு. பிரிக்க மாட்டாங்களாம். வீட்டுக்குப் போறப்போ கடிகாரம் ஒரு படம் வரைஞ்சு குடுத்தான். வட்ட மூஞ்சி, அதுல முக்கால்வாசி வாய். யாருன்னு கேக்கத் தேவையில்ல. பூனைக்குட்டி அதை வாங்கிப் போய் வரிசையில முதல்ல, பை வைக்கிற படத்துக்கும் முன்னாடி ஒட்டிட்டா. அதனால திங்கட்கிழமை நீ வந்து நிக்காதே. கால் நல்லா ஆறட்டும். வரிசை மாறினா பிள்ளைங்க அழும்.