நவமணிக்கு ஸ்காட்லாந்து பாடம்

நவமணியை எப்படியும் பின்வாங்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வேறு வழியில்லை. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக்காட்ட வழிகாட்டி வேண்டுமாம். ஒரே ஒரு இடம். என் மனைவி நவமணி மனுப் போட்டுவிட்டாள். நானும் போட்டிருந்தேன், அவளுக்குத் தெரியாமல்.

இருபத்திரண்டு வருஷமாக நான் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் எழுதுகிற ஆங்கிலக் கடிதத்தில் மானேஜர் ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டார். அவளோ கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேர் கூப்பிடுகிறவள். அவளுக்கு அந்த வேலை கிடைத்தால் நான் தோட்டத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன்.

பாடம் சொல்லித்தருகிற சாக்கில் பயமுறுத்திவிட்டால்?

"ஆங்கிலம்னா ஒண்ணு இல்ல நவமணி, ஊருக்கு ஒண்ணு" என்று ஆரம்பித்தேன். லண்டன்காரன் 'பாத்' என்பதை அமெரிக்கன் 'பேத்' என்பான். வட இங்கிலாந்தில் 'பஸ்' போய் 'புஸ்' ஆகிவிடும். ஆஸ்திரேலியனுக்கு 'டே'யே 'டை'. ஸ்காட்லாந்துக்காரன் வாய்க்குள் போன உயிரெழுத்து வெளியே வரும்போது என்னவாகும் என்று கடவுளுக்கே தெரியாது என்றேன்.

கைப்பேசியில் இருப்பதிலேயே கரடுமுரடான ஸ்காட்லாந்துப் பேச்சு வீடியோக்களாகப் பொறுக்கிப் போட்டுக்காட்டினேன். தினமும் சாயங்காலம், ஒரு மணி நேரம். அவள் காய் அரிந்துகொண்டே கேட்டாள். புரியாத இடத்தில் கூச்சமே இல்லாமல் மறுபடி போடச் சொன்னாள். நம்ம நேபாளத் தம்பி பேசுற மாதிரிதான் இருக்கு, வாயைப் பார்த்தா பிடிபடுது என்றும் சொன்னாள். வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று மூன்று நாட்டு ஆட்கள் தினமும் அவள் தராசுக்கு முன்னால் வந்து நின்று பேசுகிறார்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பாவம், குழம்பிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

தேர்வு நாளன்று என்னை அங்கே பார்த்து அவள் ஆச்சரியப்படவேயில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மானேஜர் எங்களைக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அன்று ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த கிளாஸ்கோ தம்பதியைக் காட்டி, ஆளுக்குப் பத்து நிமிஷம் சுற்றிக்காட்டச் சொன்னார்.

முதலில் நான். பெரியவர் ஏதோ கேட்டார். ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. கிராணியாவது, திருப்பிக் கேட்பதாவது? "யெஸ், யெஸ்" என்றேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொன்று கேட்டார். "வெரி மச்" என்றேன். அவர் மனைவி குடித்துக்கொண்டிருந்த தேநீரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். தேயிலைக்குப் பூச்சிமருந்து நிறைய அடிப்பீர்களா என்று கேட்டாராம். மானேஜர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அடுத்து நவமணி. கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே கேட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பெரியவரும் பொறுமையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமானது. வேலை அவளுக்கு.

வீட்டுக்கு இறங்கி நடக்கும்போது மனசு கேட்கவில்லை.

"நான் மனுப் போட்டது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க போட்ட அன்னிக்கே தெரியும் லா."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"போட்டிக்கு நிக்கிற ஆளே தினம் வந்து ஓசியில பாடம் சொல்லித்தந்தா, யாராச்சும் கேட்டு நிறுத்துவாங்களா?"