உண்மை விளம்பிக்கு ஓர் இலை

முதல் உலகப் போரை உண்மையில் ஆரம்பித்து வைத்தது யார் என்று கண்டுபிடிக்காமல் உட்காருவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். சொன்னபடியே உட்காரவில்லை. கூடத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே கையில் போனோடு நடந்தேன். டீயை நின்றே குடித்தேன். சோற்றைத் தட்டோடு நடந்துகொண்டே தின்றேன். எங்கள் கோழிகள் எனக்கு வழிவிடப் பழகிவிட்டன.

என் பெயர் மணவாளன். ஊர் புதுச்சேரிப் பக்கம் அபிஷேகப்பாக்கம். தொழில் நெல் விவசாயம். அதாவது, நெல்லை என் மனைவி ஜெயசித்ரா பார்த்துக்கொள்வாள். நான் உலகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

பாடப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? ஓர் இளவரசரைச் சுட்டார்கள், போர் வந்தது. அவ்வளவுதான். நம்புகிற மாதிரியா இருக்கிறது? எங்கள் ஊர்த் தேரில் ஒருத்தன் மண்டை உடைந்தால் பக்கத்துத் தெருக்காரன்கூட எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே ஓர் ஆளுக்காக உலகமே கிளம்பிவிட்டதாம்! அந்தக் கார் டிரைவர் தப்பான தெருவில் திரும்பினானாம். சரி, ஏன் திரும்பினான்? யார் திரும்பச் சொன்னது? இந்தக் கேள்வி என் உள்ளங்காலில் முள்ளாகக் குத்தியது.

"மாமா, போர் ஓடுதா?" என்று கொல்லையிலிருந்து ஜெயசித்ரா கத்தினாள்.

"அது பதினெட்டுலயே நின்னுபோச்சு!"

"இன்னாது? காலையில நான்தான சுவிட்ச போட்டேன்?"

"நீ இன்னா சுவிட்ச் போட்ட? ஜெர்மனிக்காரன் கையெழுத்து போட்டு நின்னுது."

"நம்ம போர் மோட்டார்ல ஜெர்மனிக்காரன் எதுக்கு கையெழுத்து போடறான்? இன்னா மாமா ஒளர்ற? நாத்து காயுது, போய்ப் பாரு!"

போனேன். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வரப்பு உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது! யார் திருப்பியது? சிந்தித்தபடியே வீட்டுக்கு வந்துவிட்டேன். வரப்பு அப்படியே இருந்தது.

என்னைப்போல் சிந்திப்பவர்களுக்காக வாட்ஸ்அப்பில் 'மறைக்கப்பட்ட மகாயுத்தம்' என்று ஒரு குரூப் தொடங்கி, சேருவதற்கான லிங்க்கை ஊர் முழுக்க அனுப்பினேன். பக்கத்து வீட்டு அந்தோணிசாமி அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பாரீசில் மகள் வீட்டுக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். அவரை மதிலோரம் மடக்கினேன்.

"அண்ணே, உண்மைய சொல்லுங்க. போருக்குப் பின்னால இருந்தது யாரு?"

"போருக்குப் பின்னாலயா? சமையல்காரன்தான் இருப்பான். நாங்கள்லாம் முன்னால நின்னோம்."

"விளையாடாதீங்கண்ணே. ரகசியமா ஏதாச்சும் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க. ரொட்டி தீந்துபோச்சுன்னு."

ரகசியம் காப்பதாகப் பிரமாணம் செய்து கொடுத்திருப்பார், வாயைத் திறக்க மாட்டார் என்று புரிந்துகொண்டேன்.

படிக்கப் படிக்க எனக்குக் காலோடு சேர்ந்து நெஞ்சும் நிலைகொள்ளாமல் ஆடியது. முதல் போரைத் திட்டம் போட்டவர்கள் மூன்றாவதுக்கும் நாள் குறித்துவிட்டார்களாம். போர் வந்தால் நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? தங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ரோட்டோரம் இருக்கும் எங்கள் வயலை, மனை போட்டு விற்கிற கலைவேந்தனுக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவர் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சிரிப்புமாக இரண்டு முறை வந்து போயிருந்தார்.

"வயல வித்துட்டு?" என்றாள் ஜெயசித்ரா.

"ஓடிடலாம்."

"எங்க?"

"போர் எந்தப் பக்கம் வருதோ, அதுக்கு எதிர்ப்பக்கம்."

"மூணு போகம் வெளையற நெலம் மாமா! நடவுக்கு எறங்குனா எனக்குக் கால் வைக்கிற எடமெல்லாம் பழக்கம். அத ப்ளாட்டு போட்டு கல்லு நட்டுட்டு வேடிக்க பாக்கச் சொல்றியா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உலகத்தின் கதி முக்கியம் இல்லையா? "உனக்கு வரலாறு தெரியாது, சித்ரா" என்றேன். அதற்குப் பிறகு அவள் நிலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வாரமே குரூப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர் 'உண்மை விளம்பி'. படத்தில் ஓர் ஆந்தை. நம்பர் பிரான்ஸ் நம்பர்! எனக்குப் புல்லரித்தது.

முதல் செய்தியே என்னை வீழ்த்தியது. 'மணவாளன் அவர்களே, அந்த டிரைவரைப் பற்றி உலகில் சரியான கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் தாங்கள்தான்.'

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் என்னை யாரும் 'தாங்கள்' என்றதில்லை.

பிறகு ஒவ்வொரு ரகசியமாக அவிழ்த்தார். சர்க்கரை வியாபாரிகள்தான் போரைத் தூண்டினார்களாம். அன்றிலிருந்து சர்க்கரை இல்லாத டீ. டாக்டர் தலைகீழாக நின்று சொல்லியும் விடாததை ஆந்தை சொன்னதும் விட்டுவிட்டேன். இன்னொரு நாள், சதித்திட்டம் முழுவதும் ஒரு சீட்டாட்ட மேசையில்தான் போட்டார்கள் என்றார். பாகூர் சீட்டுக் கச்சேரிக்குப் போவதை நிறுத்தினேன். 'மாட்டுக்கொட்டகை சுத்தமாக இருக்கும் வீட்டை எதிரிகள் நெருங்கமாட்டார்கள்' என்றும் எழுதினார். ஏன் என்று கேட்டேன். 'சாணி நாற்றம் போனால்தான் விஷவாயு வருவது தெரியும்' என்றார். என்ன ஒரு விஞ்ஞானம்!

"இன்னா மாமா, கொட்டகையெல்லாம் கூட்டற?" என்றாள் ஜெயசித்ரா.

"உனக்குப் புரியாது. இது சர்வதேச விஷயம்."

"சரி சரி. அந்த மூலையிலயும் கொஞ்சம் சர்வதேசம் கெடக்குது, பாரு."

கலைவேந்தன் அட்வான்ஸோடு வருவதற்கு முந்தின நாள், நிலத்தை விற்கலாமா என்று ஆந்தைக் குருவிடமே கேட்டேன். பதில் உடனே வந்தது.

'ஐயோ! போர் வருகிறது என்று பயம் காட்டி நிலத்தை வாங்கினார்களே, அவர்கள்தான் போரின் மூலகர்த்தாக்கள்! அவர்களை எளிதில் அடையாளம் காணலாம். வெள்ளைச் சட்டை. காரணமில்லாமல் சிரிப்பார்கள்.'

அட்வான்ஸ் மட்டும் வாங்கியிருந்தால்? உலகச் சதியின் ஒரு கிளை அபிஷேகப்பாக்கத்தில் என் வாசல்வரை வந்து மோர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது!

மறுநாள் கலைவேந்தன் பைக்கை விட்டு இறங்குவதற்குள் வாசலுக்கு ஓடினேன்.

"அந்த டிரைவருக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"எந்த டிரைவருண்ணே?" என்று சிரித்தார்.

"பாத்தியா சித்ரா, சிரிக்கறான்! காரணமே இல்லாம சிரிக்கறான்! நெலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கெளம்பு!"

அவர் கிளம்பிய வேகத்தில் ஒரு செருப்பு எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது. உள்ளே திரும்பினேன். ஜெயசித்ரா சாமி படத்துக்கு முன் கண்ணை மூடி நின்றாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் நிலத்தைக் காப்பாற்றிய மகானுக்கு ஒரு வேளை சோறு போட வேண்டாமா? அழைத்தேன். 'புதுச்சேரிக்கு வந்திருக்கிறேன். ஞாயிறு மதியம் வருகிறேன். எனக்கு வஞ்சிரம் பிடிக்கும். பனித்திட்டுக் கடற்கரைக்குக் காலையிலேயே போனால் நல்லதாகக் கிடைக்கும். குழம்புக்கு மாங்காயும் வாங்கவும். வூட்டில் இல்லை' என்று பதில் வந்தது.

எங்கள் வீட்டில் மாங்காய் இல்லை என்பது பிரான்ஸ்வரை தெரிந்திருக்கிறதே என்று வியந்தேன். வியந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பனித்திட்டுக்கு, சீட்டில் உட்காராமலே சைக்கிளை மிதித்தேன். படகிலிருந்து இறங்கிய வஞ்சிரத்தைப் பேரம் பேசாமல் வாங்கினேன். ஜெயசித்ரா குழம்பு வைத்தாள். மீனை நானே வறுத்தேன். அவள் தலைக்குக் குளித்து, பொங்கலுக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். கூடத்தில் தலைவாழை இலை ஒன்றைப் போட்டுவிட்டு வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். யாரும் வரவில்லை. மதிலுக்கு மேலே அந்தோணிசாமி அண்ணன் தலை மட்டும் தெரிந்தது. எதற்கோ தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம் மாமா? குழம்பு ஆறுது" என்று உள்ளேயிருந்து சத்தம்.

போய்ப் பார்த்தேன். விருந்தாளியின் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு ஜெயசித்ரா உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்துரு, எழுந்துரு! அவரு வர்ற நேரம்!"

"வந்தாச்சு. பரிமாறு."

எனக்கு அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் முறையாகக் கால் மடங்கியது. பொத்தென்று உட்கார்ந்தேன்.

"நம்பரு... பிரான்ஸ் நம்பரு..."

"அந்தோணிசாமி அண்ணன் பொண்ணு வூட்லேர்ந்து கொண்டாந்த சிம்மு. அவருதான் போட்டுக் குடுத்தாரு. அந்தத் தூயதமிழ்தான் மாமா கஷ்டம். 'தாங்கள்'னு ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் சிரிப்பு வந்துடுச்சு."

"அப்போ சர்க்கரை வியாபாரி?"

"ஒனக்கு சுகர் ஏறிப்போச்சு."

"உலகத்துலயே பெரிய சதிடி இது!"

"பின்ன? சதிபதின்னு எதுக்குச் சொல்றாங்க? நீ பதி. அப்போ நான் யாரு?"

மீனை அவள் இலையில் வைத்தேன். அவள் முள்ளெடுத்துக்கொண்டே, "நெலம் போயிருந்தா நானும் போயிருப்பேன் மாமா" என்றாள், நிமிராமல். எனக்குக் கோபம் வந்தது. ஆண்பிள்ளைக் கோபம். குதித்து எழுந்தேன்.

"இனிமே அந்த குரூப்புல எது வந்தாலும், அதுக்கு நேர்மாறாத்தான் செய்வேன்!"

"நெசமாவா?"

"சத்தியமா! இந்த இலை மேல சத்தியம்!"

அவள் இடது கையால் போனை எடுத்தாள். ஏதோ தட்டினாள். என் பாக்கெட் கூவியது.

'மணவாளன் அவர்களே! தாங்கள் வயிறார வஞ்சிரம் சாப்பிட்டுவிட்டுப் பாய் விரித்துப் படுக்கவும். வரப்பு உடைந்தபடியே கிடக்கட்டும்.'

இலையைப் பார்த்தேன். குழம்பைப் பார்த்தேன். வறுத்த துண்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு மண்வெட்டியைத் தேடித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எங்கப்பா, இந்த வெயில்ல?" என்றார் மதிலுக்கு மேலிருந்து அந்தோணிசாமி அண்ணன்.

"பொண்டாட்டி பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு கெளம்பிட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு, பட்டினியாக வரப்பு கட்டப் போனேன்.